மாமன் பக்கம் தொடங்கும் குடிவழி: தென்கெடாத் தோட்டங்களில் ஒரு களப்பணி

மானிடவியலில் உறவுமுறையைப் படிப்பவரின் கைவேலை, எத்தனை கோட்பாட்டு நூல்கள் பின்னால் நின்றாலும், இறுதியில் ஒரு தாளில் முக்கோணங்களையும் வட்டங்களையும் வரைவதில்தான் வந்து நிற்கிறது. முக்கோணம் ஆண், வட்டம் பெண், இரண்டையும் இணைக்கும் இரட்டைக் கோடு திருமணம், கீழிறங்கும் ஒற்றைக் கோடு பிள்ளைப்பேறு, உருவத்தின் குறுக்கே விழும் கோடு மரணம் என்னும் குறியீடுகளைக் கொண்டு, ஒருவருடைய இரத்த உறவினரையும் கொண்டான் கொடுத்தான் உறவினரையும் தலைமுறை வாரியாக அடுக்கிக் காட்டும் இந்தப் படம் குடிவழிப் படம் எனப்படும். இதை ஓர் ஆய்வுக் கருவியாக ஒழுங்குபடுத்தியவர் டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ். 1898இல் டோரஸ் நீரிணைத் தீவுகளுக்குச் சென்ற கேம்பிரிட்ஜ் ஆய்வுக் குழுவில் இம்முறையைத் தொடங்கிய அவர், நீலகிரியின் தோடர்களைப் பற்றி 1906இல் வெளியிட்ட பெருநூலில் அதை விரிவாகக் கையாண்டு, 1910இல் அதன் விதிகளைத் தனிக் கட்டுரையாக எழுதி வைத்தார். தாய், தந்தை, பிள்ளை, கணவன், மனைவி என்னும் ஐந்து சொற்களைத் தாண்டிக் கேள்வி கேட்கக் கூடாது என்பது அவ்விதிகளில் முதன்மையானது. மாமன், அத்தை போன்ற சொற்கள் ஊருக்கு ஊர் வேறுபட்ட ஆட்களைக் குறிப்பதால், அவற்றைக் கேள்வியில் வைத்தால் பதிலில் குழப்பம் வரும் என்பது அவர் கண்ட காரணம்.

தமிழரிடையே அந்த ஐந்து சொற்களும்கூட முழுப் பாதுகாப்பானவை அல்ல. அப்பாவின் பெயரைக் கேட்டால் வளர்த்த பெரியப்பாவின் பெயர் வரும்; பிள்ளைகள் எத்தனை என்றால் தம்பி பிள்ளைகளையும் சேர்த்த எண்ணிக்கை வரும். ஆகவே மலேசியாவின் கெடா மாநிலத் தோட்டங்களில் குடிவழி எடுக்கும் ஆய்வாளர் எவரும் முதல் வாரத்திலேயே "பெத்த அப்பாவா, கூப்பிடுற அப்பாவா?" என்னும் துணைக் கேள்வியைப் பழகிக்கொள்கிறார். இந்தக் கேள்வி சிலருக்குச் சிரிப்பையும் சிலருக்குக் கோபத்தையும் வரவழைப்பதால், அதை வீட்டுக்குள் நுழைந்தவுடன் கேட்காமல், தேநீர் வந்து, பிள்ளைகளின் படிப்பைப் பற்றிய பேச்சு ஓய்ந்த பிறகு கேட்பது தொழிலின் நடைமுறை ஒழுங்காகிவிட்டது.

திகாம் பத்து, சுங்கை பட்டாணிக்குத் தெற்கே மூடா ஆற்றை நோக்கிச் செல்லும் பழைய பெருஞ்சாலையில் உள்ள சிறு பட்டணம். அதைச் சுற்றியும், வடக்கே பீடோங், குரூண் வரையிலும், கிழக்கே பாடாங் செராய், கூலிம், கோலா கெட்டில் வரையிலும் கித்தா (ரப்பர்) தோட்டங்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து எழுந்தன. இத்தோட்டங்களுக்கு ஆள் வந்த வழி பெரும்பாலும் கங்காணி முறை. தோட்டத்தில் ஏற்கெனவே வேலை செய்யும் ஒருவர், நிர்வாகத்தின் உரிமச் சீட்டோடு தம் ஊருக்குத் திரும்பி, தமக்குத் தெரிந்த வீடுகளிலிருந்து ஆட்களைத் திரட்டி, நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ கப்பலேற்றிப் பினாங்கில் இறக்கி வருவதே அம்முறை. ஒப்பந்தக் கூலி முறை 1910ஆம் ஆண்டையொட்டி முடிவுக்கு வந்தபின் கங்காணி முறையே தலைமை பெற்று, 1938இல் இந்திய அரசு தொழிலாளர் குடிபெயர்வுக்குத் தடை விதிக்கும்வரை ஏற்ற இறக்கங்களோடு நீடித்தது. கங்காணி தம் ஊரையும் சாதியையும் சார்ந்தவர்களையே அதிகமாக அழைத்து வந்ததால், ஒரே கங்காணியின் ஆட்களிடையே உறவுக்காரர் சிலரேனும் இருந்தனர். ஆனால் ஒரு வகையறா முழுவதும், அதாவது ஒரே மூதாதையிடமிருந்து ஆண்வழியாகத் தம்மைக் கணக்கிட்டுக்கொள்ளும் குடும்பங்களின் தொகுதி முழுவதும், கப்பலேறி வந்ததாக எந்தக் குடிவழிப் படமும் காட்டுவதில்லை. அண்ணன் ஊரில் நிற்கத் தம்பி வந்திருப்பார். அல்லது தம்பியும் அவருடைய மைத்துனரும் சேர்ந்து வந்திருப்பார்கள்.

இந்தச் சிறு வேறுபாட்டில்தான் தென்கெடாவின் உறவுமுறைக்கான விடை இருக்கிறது. அதை விளக்குவதற்கு முன் மரபுவழிக் குழு என்னும் கருத்தைச் சற்றுத் தெளிவுபடுத்த வேண்டும். ஈவன்ஸ்-பிரிச்சர்ட் 1940இல் சூடானின் நூயர் மக்களைப் பற்றியும், மெயர் ஃபோர்ட்ஸ் அதே காலத்தில் மேற்கு ஆப்பிரிக்காவின் தல்லன்சி மக்களைப் பற்றியும் எழுதிய நூல்கள் நிலைநாட்டிய பார்வை, ஒரே மூதாதையின் வழிவந்தவர்கள் ஒரு குழுவாக நின்று நிலத்தையும் பகையையும் வழிபாட்டையும் பொதுவில் வைத்துக்கொள்கிறார்கள், குழுவின் ஆள் இறந்தாலும் குழு இறப்பதில்லை என்பதாகும். குழுவில் இடம் தந்தைவழியே இறங்கினால் தந்தைவழிக் குழு, தாய்வழியே இறங்கினால் தாய்வழிக் குழு. தமிழகத்தில் இரண்டுக்கும் சான்றுகள் உள்ளன. கொங்கு வேளாளரின் கூட்டமும், நகரத்தாரின் ஒன்பது கோயில் பிரிவுகளும் தந்தைவழியில் இயங்க, கொண்டையங்கோட்டை மறவரின் கிளை தாய்வழியில் இறங்குகிறது. இலங்கையின் மட்டக்களப்புப் பகுதியிலும் குடி என்னும் பிரிவு தாய்வழியாகவே கணக்கிடப்படுகிறது. எந்த வழியாயினும், ஒரே கூட்டத்துக்குள்ளோ கிளைக்குள்ளோ பெண் எடுக்கக் கூடாது என்னும் விதி பொது. தந்தைவழியில் பங்கு உரிமை உள்ளவர்கள் பங்காளிகள். அவர்களுக்குப் பொதுவாக இருந்தவை நிலம், குலதெய்வக் கோயில், ஒருவர் வீட்டுச் சாவில் மற்றவர் வீட்டுக்கும் விழும் தீட்டு.

தோட்டத்தில் இவற்றுள் முதல் இரண்டும் இருக்கவில்லை. லயத்து வீடு, அதாவது தொழிலாளர் குடியிருந்த வரிசை வீடு, கம்பெனிக்குச் சொந்தமாக இருந்தது. வேலை நின்றால் வீடும் போயிற்று. பங்கு போட ஏதுமில்லாத இடத்தில் பங்காளி என்பவர் எதற்குப் பங்காளி என்னும் கேள்வி எழாமல் இருக்க முடியாது. குலதெய்வக் கோயில் தமிழகத்துக் கிராமத்தில் நின்றுவிட, தோட்டத்தில் எழுந்த மாரியம்மன் கோயில் எல்லாச் சாதியினரும் சம்பளத்தில் வரி பிடிக்கக் கட்டிய பொதுக் கோயிலாயிற்று. தமிழகக் கிராமத்தில் கோயில் வரியின் அலகு தலைக்கட்டு, அதாவது மணமான ஒரு குடும்பம். தலைக்கட்டுகள் வகையறாவின் கீழ் எழுதப்படும். தோட்டத்திலோ பெரட்டில், அதாவது காலை ஆள்கணக்கில், பெயர் உள்ள ஒவ்வோர் ஆளும் வரி கொடுத்தார். ஒரு குழுவுக்குப் பொதுவான சொத்து இல்லாதபோது அக்குழு நினைவிலும் மெலிந்துவிடுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை இத்துறையின் பாடநூல்களில் தேடிப் பார்க்க வேண்டியதில்லை. தென்கெடாவில் எடுக்கப்படும் படங்கள் பெரும்பாலும் கப்பலேறி வந்தவரோடு தொடங்குகின்றன. அவருடைய தந்தையின் பெயர் தெரிந்தால் அது பேறு. தாத்தாவின் பெயர் கிடைப்பது அரிது.

பழங்காலக் கோயில் எச்சங்கள் உள்ள பூஜாங் பள்ளத்தாக்கு அருகில் இருப்பதாலும், 1025ஆம் ஆண்டையொட்டி இராசேந்திர சோழன் கடாரம் (இன்றைய கெடா) கொண்ட செய்தி ஒவ்வொரு தமிழ்ப்பள்ளியிலும் சொல்லிக் கொடுக்கப்படுவதாலும், தம் குடும்பம் சோழர் காலத்திலேயே இங்கு வந்தது என்று மேடைகளில் முழங்குவோரும் உண்டு. அவர்களுடைய படமும் நான்கு தலைமுறையோடு நின்றுவிடுகிறது.

மூடா ஆற்றுக்கு அப்பால் பினாங்குத் தீவில் நிற்கும் கூ கொங்சியை இதனோடு ஒப்பிடலாம். சீனாவின் ஃபூக்கியன் மாநிலத்தின் ஒரே ஊரிலிருந்து வந்த கூ என்னும் குடும்பப் பெயரினர், தம் மூதாதையர் பலகைகளை வைத்து வழிபட 1906இல் கட்டி முடித்த அம்மண்டபத்தைச் சுற்றி வீடுகளும் கடைகளும் குழுவின் பொதுச் சொத்தாக உள்ளன. வாடகை வருகிறது, பிள்ளைகளின் படிப்புக்குப் பணம் போகிறது, ஆகவே குழு உயிரோடு இருக்கிறது. தமிழரில் இதற்கு நிகரானது நகரத்தார் அமைப்பு மட்டுமே. தோட்டப் பாட்டாளிகளைப் போல அன்றி வட்டிக்கடை முதலோடு வந்த அவர்கள், மணமான ஒவ்வோர் ஆணையும் ஒரு புள்ளியாகக் கணக்கிட்டு, தங்கள் கோயில் பிரிவையும் மறவாமல் வைத்திருந்தார்கள். முதல் இருந்த இடத்தில் மரபுவழிக் குழுவும் கடல் கடந்தது.

அப்படியானால் லயத்தில் எஞ்சியது என்ன? எஞ்சியது, யாரை யார் கட்டலாம் என்னும் முறை. அது நிலத்தைச் சார்ந்ததல்ல. அழைக்கும் சொற்களில் வாழ்வது. அப்பாவின் உடன்பிறந்த ஆண் பெரியப்பா அல்லது சித்தப்பா, அம்மாவின் உடன்பிறந்த பெண் பெரியம்மா அல்லது சின்னம்மா; இவர்களுடைய பிள்ளைகள் அண்ணன், தம்பி, அக்காள், தங்கை; அவர்களை மணக்க முடியாது. அம்மாவின் உடன்பிறந்த ஆண் மாமன், அப்பாவின் உடன்பிறந்த பெண் அத்தை. அவர்களுடைய பிள்ளைகள் முறைப்பெண், முறைமாப்பிள்ளை. அமெரிக்க வழக்கறிஞரான லூயிஸ் ஹென்றி மார்கன், தம் நாட்டின் இரோக்குவா பழங்குடியினரிடம் கண்ட உறவுச் சொற்களும், ஆர்க்காட்டுப் பகுதியில் பணிசெய்த ஸ்கடர் குடும்பத்து மிஷனரிகள் வழியே தாம் பெற்ற தமிழ்ச் சொற்களும் ஒத்திருப்பதைக் கண்டு வியந்து, 1871இல் வெளியிட்ட பெருநூலில் அவற்றை அட்டவணையிட்டார். இத்துறையின் பிறப்பிலேயே தமிழுக்கு ஒரு பங்கு உண்டு என்பதைத் தமிழ் வாசகர் பலர் அறிந்திருப்பதில்லை. பின்னர் மதுரைக்கு மேற்கே பிறமலைக் கள்ளரிடையே 1949-50இல் வாழ்ந்து ஆராய்ந்த லூயி துய்மோன், தென்னிந்திய உறவுமுறையின் அடிப்படை மரபுவழி அன்று, மணவுறவே என்று வாதிட்டார். மாமன் என்பவர் வெறும் தாயின் சகோதரர் அல்லர். அவர் தந்தையின் மைத்துனர். தந்தை ஒரு வீட்டில் பெண் எடுத்ததால் உண்டான உறவு, நிலத்தைப் போலவே மகனுக்கும் இறங்கி வருகிறது என்பது அவர் கருத்தின் சாரம். ஃபோர்ட்ஸின் ஆதரவாளர்களுக்கும் துய்மோனின் ஆதரவாளர்களுக்கும் இடையே பல்கலைக்கழகங்களில் நீண்ட வழக்கு நடந்தது. தென்கெடாவின் லயங்களைச் சாட்சிக் கூண்டில் ஏற்றியிருந்தால் அவ்வழக்கு துய்மோன் பக்கம் தீர்ந்திருக்கும்.

முன்பின் அறியாதவர்கள் லயத்தில் உறவுக்காரர்களானது எப்படி என்பதையும் இச்சொற்களே விளக்குகின்றன. ஒரே தலைமுறைக்குள் விதி மிக எளியது. பங்காளிக்குப் பங்காளி தனக்கும் பங்காளி. பங்காளியின் மச்சான் தனக்கு மச்சான். மச்சானின் பங்காளியும் மச்சான். மச்சானுக்கு மச்சான் பங்காளி. கணக்கில் கழித்தலைக் கழித்தலால் பெருக்கினால் கூட்டல் வருவதைப் போன்றதுதான் இது. இதற்கு மூதாதையின் பெயர் தேவையில்லை. ஒரே ஒரு திருமணம் போதும். சேலத்துப் பக்கத்திலிருந்து வந்த ஒருவர், திருச்சிராப்பள்ளிப் பக்கத்திலிருந்து வந்த தம் சாதிக்காரர் ஒருவருடைய தங்கையை மணந்துகொண்ட அன்று மாலைக்குள், இரு பக்கத்திலும் உள்ள அத்தனை பேரும் ஒருவரையொருவர் எப்படி அழைக்க வேண்டும் என்பது முடிவாகிவிடும். ஆகவே பழைய ஆட்களிடம் "ரெண்டு பேருக்கும் என்ன சொந்தம்?" என்று கேட்டால், "சொந்தமெல்லாம் ஒண்ணுமில்ல, மாமா முறை" என்று பதில் வருவதில் முரண்பாடு ஏதும் இல்லை. சொந்தம் இரத்தத்தால் வருவது, முறை அழைப்பால் வருவது என்று அவர்கள் தெளிவாகவே பிரித்து வைத்திருக்கிறார்கள்.

சிக்கல், இரண்டு வழிகள் இரண்டு விடைகளைத் தரும்போது எழுகிறது. தந்தைவழியில் எண்ணினால் தங்கை முறையாகும் பெண், அத்தை கணவரின் வழியில் எண்ணினால் முறைப்பெண்ணாக நிற்பாள். படத்தைத் தாளில் வரைந்து பார்க்கும் ஆய்வாளர் இங்கே திகைத்து நிற்க, திண்ணையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருக்கும் கிழவி நிற்பதில்லை. அவர் கேட்பது ஒன்றே: யார் யாரை முதலில் எப்படிக் கூப்பிட்டார்கள், எந்தப் பக்கத்தில் சாவுக்குப் போய் வந்தார்கள். நடைமுறையில் புழக்கம் உள்ள வழி வெல்கிறது. புழக்கமற்ற வழி, அது இரத்தத்தில் நெருங்கியதாக இருந்தாலும்கூட, மெல்ல மறக்கப்படுகிறது. கிழவியின் இந்தத் தீர்ப்பு முறையைப் படத்தில் பதிவு செய்யாமல், இரத்தக் கோடுகளை மட்டும் பதிவு செய்வது இத்தொழிலில் பாதி வேலையே ஆகும்.

படத்தை மேலும் சிக்கலாக்குவது அக்காள் மகளை மணக்கும் வழக்கம். தாய்மாமனுக்கே பெண்ணின் மேல் முதல் உரிமை என்னும் இவ்வழக்கைத் திருநெல்வேலிப் பக்கத்துச் சிற்றூர்களை முன்வைத்து அந்தோணி குட் ஆராய்ந்திருக்கிறார். இத்தகைய மணத்தில் பிறந்த குழந்தைக்குத் தாயைப் பெற்ற பாட்டியே தந்தையின் அக்காளும் ஆவதால், ஒரே வட்டம் இரு வேறு தலைமுறைகளில் நிற்க வேண்டியிருக்கிறது. தலைமுறைகளை நேர் வரிசையில் அடுக்க நினைப்பவரின் தாள் அங்கே சாய்ந்துவிடுகிறது. வீட்டிலோ குழப்பமே இல்லை; குழந்தை அவரைப் பாட்டி என்றுதான் கூப்பிடுகிறது. இதில் வியப்புக்குரியது மலேசியச் சட்டமே. முஸ்லிம் அல்லாதாரின் திருமணங்களை ஒழுங்குபடுத்தி, 1982 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்த 1976ஆம் ஆண்டுச் சட்டம், தன் 11ஆம் பிரிவில் மாமன், அத்தை, மருமகள், மருமகன் உறவில் மணம் கூடாது என்று தடுத்துவிட்டு, அதன் கீழேயே ஓர் இந்து தன் வழக்கப்படி சகோதரியின் மகளையோ, ஒரு பெண் தன் தாயின் சகோதரனையோ மணப்பதை இத்தடை கட்டுப்படுத்தாது என்று விதிவிலக்கும் தருகிறது. தோட்டத்து உறவுமுறையின் ஒரு துண்டு நாட்டின் சட்டப் புத்தகத்தில் ஏறி உட்கார்ந்த இடம் இது. அச்சட்டம் வருமுன் பல திருமணங்கள் கோயிலில் தாலி கட்டியதோடு நின்று பதிவு காணாதவை. ஆகவே 1982க்கு முந்தைய திருமணத்தின் ஆண்டை அறிய மூத்த பிள்ளையின் வயதைக் கேட்பதே இன்றும் நம்பகமான வழி.

உறவு முறை முழுவதும் கண்ணுக்கு முன் அணிவகுத்து நிற்கும் இடம் ஒன்று உண்டென்றால் அது இழவு வீடு. குடிவழி எடுப்பவர் ஒரு மாதம் வீடு வீடாகச் சென்று கேட்டு அறிவதை, ஒரு சாவு வீட்டில் ஓரமாக நின்றால் அரைநாளில் கண்டுகொள்ளலாம் என்பது இத்தொழிலில் பழகியவர்களின் ஒருமித்த கருத்து; அங்கே நோட்டுப் புத்தகத்தை வெளியே எடுக்கக் கூடாது என்பதும் அதே அளவுக்கு ஒருமித்த கருத்து. வீட்டின் முன் போட்ட கூடாரத்தின் கீழ், இறந்தவர் பெண்ணாக இருந்தால் பிறந்த வீட்டுக் கோடி வந்து சேரும்வரை எதுவும் நகர்வதில்லை. பிறந்த வீடு என்று சொல்ல யாரும் உயிரோடு இல்லாவிட்டாலும், அண்ணன் முறையில் நிற்கும் ஒருவர் சேலையை வாங்கிக்கொண்டு தெருமுனை வரை போய், அங்கிருந்து தட்டேந்தித் திரும்பி வருவார். வந்த பிறகே பெண்கள் எழுந்து இடம் விடுவார்கள். நீர்மாலைக்குப் பங்காளிகள் ஒரு பக்கமாகத் திரள்கிறார்கள். பதினாறாம் நாள் கருமாதியில் கொள்ளி வைத்த மகன் மொட்டைத் தலையோடு உட்கார்ந்திருக்க, ஒரு பெரியவர் குரல் கொடுக்கிறார்: "மாமன் மச்சான் எல்லாம் முன்னுக்கு வாங்க, உருமா கட்டணும்." அந்த ஒரு வாக்கியத்தில் கூட்டம் இரண்டாகப் பிரிகிறது. அதுவரை ஒன்றாக நின்று தேநீர் குடித்துக்கொண்டிருந்தவர்களில் சிலர் துண்டோடு முன்னே வருகிறார்கள், சிலர் கைகட்டிப் பின்னே நகர்கிறார்கள். சாதிக்கும் ஊருக்கும் ஏற்பச் சடங்கின் விவரம் மாறும். இந்தப் பிரிவு மாறுவதில்லை. எந்தப் பக்கம் நகர்வது என்று தெரியாமல் கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு நிற்கும் இளைஞர்களும் இப்போது கூடி வருகிறார்கள்.

மாமன் இல்லாவிட்டால் மாமனை உண்டாக்க வேண்டும் என்னும் விதி சடங்கு வீட்டில் இன்னும் அழுத்தமாகத் தெரிகிறது. 1969க்குப் பின், குடியுரிமை இல்லாதோருக்கு வேலை அனுமதிச் சீட்டு கட்டாயமானபோது, பல தோட்டங்களிலிருந்து ஏராளமானோர் தமிழகம் திரும்பினர். ஒரே வயிற்றில் பிறந்தவர்களில் நீல அடையாள அட்டை உள்ளவர் இங்கும், இல்லாதவர் அங்குமாகப் பிரிந்தார்கள். தம்பியை அப்படி இழந்த ஒரு பெண்ணின் மகள் பூப்பெய்தியபோது, சீர்த்தட்டைச் சுமந்து வந்தவர் அடுத்த லயத்தில் இருந்த தண்டல் (வேலை மேற்பார்வையாளர்) ஒருவர். அவருடைய அண்ணனும் பூப்பெய்திய பெண்ணின் அப்பாவும் சகலர்கள், அதாவது அக்காள் தங்கையைக் கட்டியவர்கள். அந்த அண்ணனுக்கு அப்பெண் மகள் முறை என்பதால், தண்டலுக்கும் மகள் முறைதான். ஆகவே அவர் அவளுடைய தாய்க்குத் தம்பியாக நிற்க வழியில்லை. இந்தக் கணக்கைச் சுட்டிக்காட்டிய ஆய்வாளருக்குக் கிடைத்த விடை, அத்தண்டலின் மனைவி அப்பெண்ணின் தந்தைக்குத் தங்கை முறை, அந்த வழியில் அவர் மாமன்தான் என்பதாகும். இரண்டு வழிகளில் தேவைப்பட்ட வழி எடுத்துக்கொள்ளப்பட்டது. அன்று முதல் அவர் மாமன். அவருடைய பிள்ளைகளும் அதற்கேற்ப முறை மாறினார்கள்.

கெடா மலாய்க்காரரின் உறவுமுறையைப் பற்றி இரண்டு நல்ல நூல்கள் உள்ளன. சிக் வட்டாரத்தில் ஆய்வு செய்த டேவிட் பேங்க்ஸின் நூல் 1983இலும், லங்காவித் தீவின் மீனவக் கிராமம் ஒன்றில் வாழ்ந்து ஆராய்ந்த ஜேனட் கார்ஸ்டனின் நூல் 1997இலும் வந்தன. உறவு பிறப்பால் மட்டும் வருவதன்று, ஒரே அடுப்பில் பொங்கிய சோற்றை நெடுநாள் சேர்ந்து உண்பதாலும் வருகிறது என்பது கார்ஸ்டனின் முடிவு. உலகெங்கும் உறவுமுறை ஆய்வின் போக்கையே மாற்றிய கருத்து அது. தோட்டத்துத் தமிழருக்கு இது பாதிதான் பொருந்துகிறது. தாயார்கள் விடியுமுன் பால்மரம் சீவப் போக, பிள்ளைகள் எல்லாம் ஆயாக் கொட்டகையில் ஒரே ஆயாவின் கையில் வளர்ந்தார்கள். ஆயினும் அங்கே சேர்ந்து வளர்ந்ததால் மட்டும் முறைப்பெண் தங்கையாகிவிடவில்லை. சேர்ந்து உண்பது நெருக்கத்தைத் தரும். எந்த நெருக்கம் என்பதைத் தீர்மானிப்பது அழைக்கும் முறைதான்.

பொருந்தும் பாதிக்குச் சான்று, தமிழ்க் குடும்பங்கள் எடுத்து வளர்த்த சீனப் பெண்குழந்தைகள். பெண்குழந்தையை வளர்க்க இயலாத சீனக் குடும்பங்களிடமிருந்து தமிழர்கள் குழந்தையைப் பெற்று வளர்ப்பது மலாயாவில் பரவலாக இருந்த வழக்கம். தென்கெடாவிலும் சேலை உடுத்தி, தீமிதிக்குப் பால்குடம் எடுத்து, தோட்டத்துத் தமிழைத் தவிர வேறு மொழி அறியாத அத்தகைய பாட்டிமார்களைக் காணலாம். குடிவழிப் படத்தில் அவர்களுக்குப் புள்ளிக்கோடு போடுவது மரபு. வளர்ப்பு உறவைக் குறிக்கும் கோடு அது. படத்தைப் பார்த்த அத்தகைய மூதாட்டி ஒருவர், தமக்கு மட்டும் ஏன் கோடு உடைந்து உடைந்து போகிறது என்று கேட்டு, பேனாவை வாங்கிப் புள்ளிகளை இணைத்துவிட்டார். அவரைக் கட்டியவர் அவருடைய வளர்ப்புத் தந்தையின் அக்காள் மகன். சீன முகத்தோடு பிறந்தவருக்கு அத்தை மகன் முறைமாப்பிள்ளையாக வந்து நின்றதைவிடத் திராவிட உறவுமுறைக்கு வேறு நற்சான்று தேவையில்லை. அந்தக் கோடு இன்றும் அத்தாளில் முழுக்கோடாகவே இருக்கிறது.

படங்களில் நிரப்ப முடியாத இடங்களும் உண்டு. 1942க்கும் 1945க்கும் இடையே சயாம்-பர்மா ரயில் பாதைக்கு ஜப்பானியர் ஆள் பிடித்துக்கொண்டு போன காலம், ஏறக்குறைய ஒவ்வொரு படத்திலும் ஓர் ஓட்டையாகத் தெரிகிறது. போன கணவர் திரும்பாததால் மறுமணம் செய்துகொண்ட பெண்கள், முதல் கணவரின் பிள்ளைகளுக்கு இரண்டாவது கணவரின் பெயரையே தந்தை பெயராகக் கொடுத்தார்கள். அதைப் பேசச் சிலருக்கு இன்றும் மனம் வருவதில்லை; வற்புறுத்துவது முறையுமன்று. சாதியைப் பற்றிய மௌனம் வேறு வகையானது. சாதி தோட்டத்தோடு போய்விட்டது என்று முதல் நாள் சொன்னவரே, படத்தில் மருமகளின் தந்தை பெயர் வரும்போது குரலைத் தாழ்த்துகிறார். இராஜகிருஷ்ணன் இராமசாமி 1984இல் மலேசியத் தமிழரின் சாதி உணர்வைப் பற்றி வெளியிட்ட ஆய்வு நூலின் பொருள், பொதுவாழ்வில் மங்கிய சாதி திருமணத்தில் மங்கவில்லை என்பதை நேரில் கண்டவர்களுக்குப் புதிதாக இராது. மச்சான் முறையின் கணக்கு எவ்வளவு விரிந்து கொடுத்தாலும், அது விரிவது சாதி என்னும் வேலிக்குள்தான். லயத்து வாழ்க்கையின் சமத்துவத்தைப் புகழ்ந்து எழுதுவோர் இந்த வேலியைத் தாண்டி எழுதிவிடுகிறார்கள்.

ஆவணங்கள் இந்த வேலைக்கு உதவுவது குறைவு. அடையாள அட்டையில் அ/லெ (மகன்), அ/பெ (மகள்) என்னும் எழுத்துகளுக்குப் பின் தந்தையின் பெயர் மட்டுமே வருகிறது. தந்தையின் பெயர் அடுத்த தலைமுறையில் மறைந்துவிடுவதால், அரசு வைத்திருக்கும் மரபுவழி எப்போதும் ஒரே ஒரு கண்ணி நீளம் உடையது. தாயும் தாய்மாமனும் அப்பெயரில் இல்லவே இல்லை. தோட்டத்துக் கிராணி (எழுத்தர்) எழுதிய செக்ரோல் என்னும் ஆள்வரவு ஏடுகள், தோட்டம் கைமாறியபோதும் கித்தா போய்ச் செம்பனை வந்தபோதும் பெரும்பாலும் அழிந்தன. இவற்றைவிடப் பயன்படுவது பழைய டிரங்குப் பெட்டிகளில் கிடக்கும் மொய் நோட்டு. யார், எந்தத் தோட்டம், எவ்வளவு என்பது மட்டுமே அதில் எழுதப்பட்டிருந்தாலும், தாய்மாமன் மொய் எப்போதும் தலைப்பில் வருவதால், அந்த முதல் வரியைக் கொண்டே ஒரு குடும்பத்தின் பெண் எடுத்த வழியை இரண்டு தலைமுறை பின்னோக்கிப் பிடித்துவிடலாம்.

லயங்கள் இடிக்கப்பட்டு, மக்கள் சுங்கை பட்டாணியிலும் திகாம் பத்துவைச் சுற்றிலும் தாமான் (புதிய குடியிருப்பு) வீடுகளுக்கு நகர்ந்த பின், இம்முறையின் நிலையும் மாறிவிட்டது. மாமா, சித்தப்பா, பெரியப்பா மூவரும் பிள்ளைகளுக்கு அங்கிள் ஆகிவிட்டனர்; அத்தையும் சின்னம்மாவும் ஆண்டி. நாகரிகக் குறைவு, மொழிக் கலப்பு என்று இதைக் கண்டிப்பவர்கள் அதன் உண்மையான விளைவைக் கவனிப்பதில்லை. மாமனும் சித்தப்பாவும் ஒரே பெயரைப் பெற்ற வீட்டில், கட்டும் முறை எது, கட்டாத முறை எது என்பதைக் குழந்தை கேட்டறிய வேண்டும், அழைத்தறிய முடியாது. உறவில் மணப்பது குறைந்துவரும் காலத்தில் அந்த அறிவு தேவையற்றதாகவும் போகலாம்; அதைக் குறித்து வருந்துவது ஆய்வாளரின் வேலையன்று. ஆனால் தோட்டத்தில் அந்நியர்களைச் சமுதாயமாக்கிய பொறி அதுதான் என்பது பதிவாகாமல் போவது இழப்பு.

முன்னோரின் ஊரைத் தேடித் தமிழகம் செல்லும் இளையோர் இப்போது பெருகி வருகிறார்கள். பயணச்சீட்டு வாங்குவதற்கு முன் அவர்கள் செய்யக்கூடிய வேலை ஒன்று வீட்டிலேயே இருக்கிறது. தாத்தாவின் ஊர்ப் பெயரைக் கேட்பதற்கு முன், பாட்டியின் சடங்குக்குச் சீர் கொண்டு வந்தவர் யார், அவர் எந்தத் தோட்டத்தில் இருந்தார், அவருக்குப் பெண் கொடுத்தவர் யார் என்று கேளுங்கள். பெற்ற உறவா, கூப்பிடும் உறவா என்பதையும் கேட்டு, தேதியிட்டு எழுதி வையுங்கள். மொய் நோட்டு ஏதும் வீட்டில் இருந்தால் பழைய காகிதத்தோடு போட்டுவிடாதீர்கள்.